கல்லடைப்பு அறுவை: முதலில் கல்ச்சர், பிறகு மாத்திரை

ஆழ்வார்திருநகரியில் மருந்துக்கடை நடத்துவோரும், ஓய்வுபெற்ற நர்சுகளும், கல்லடைப்பு வலியில் புரண்டு எழுந்தவர்களும் சேர்ந்தது எங்கள் குழு. சிறுநீரகக் கல் அறுவைக்கு முன் தரும் ஆன்டிபயாடிக் பற்றி எங்கள் நிலைப்பாடு இது: சிறுநீர் கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) முடிவு வராமல் கல்லில் கை வைக்கக் கூடாது. ஒரு டோஸ் போதுமானவருக்கு ஒரு வார மாத்திரை எழுதக் கூடாது. ஒரு வாரம் தேவைப்படுபவருக்கு அதைக் குறைக்கவும் கூடாது.

கடைசி வரிதான் பலருக்குப் புதிது. முதுகில் துளையிட்டுக் கல்லை உடைக்கும் அறுவையைப் பற்றி 2011இல் சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல் 2.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கும் சிறுநீரகம் வீங்கியிருந்தவர்களுக்கும், கல்ச்சர் சுத்தமாக இருந்தும், ஒரு வாரம் நைட்ரோஃபுரான்டாயின் கொடுத்தார்கள். அறுவைக்குப் பிந்தைய கிருமித்தொற்று நன்றாகக் குறைந்தது. ஆபத்து குறைந்த நோயாளிகளிடம் வட அமெரிக்க மருத்துவர்கள் அதே மருந்தை ஒரு வாரம் கொடுத்து 2018இல் வெளியிட்ட ஆய்விலோ பலன் எதுவும் தெரியவில்லை. இரண்டும் மோதவில்லை, நோயாளிகள்தான் வேறு. கிருமி கல்லுக்குள்ளேயே குடியிருக்கலாம். மூத்திரப்பையிலிருந்து வரும் சிறுநீர் பல நேரம் அதைக் காட்டிக்கொடுக்காது. கல்லை உடைக்கும்போது அது வெளிப்பட்டு, பாய்ச்சும் நீரின் அழுத்தத்தில் ரத்தத்தில் கலக்கிறது. அதனால் உடைத்து எடுத்த கல்லையும் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்கிறோம்.

சிறுநீர் சுத்தமாக இருந்து வெளியிலிருந்து அதிர்வலையால் கல் உடைப்பவருக்கு ஆன்டிபயாடிக்கே பொதுவாக வேண்டாம். அடைப்போடு குளிர்காய்ச்சலும் வந்தால் கதை வேறு. அன்றே மருந்து ஏற்றி, ஸ்டென்ட் அல்லது குழாய் வைத்துச் சிறுநீரை வடிக்க வேண்டும். கல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் வாழைத்தண்டுச் சாறு குடித்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள்.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. இங்கே வீட்டில் பிடித்த சிறுநீரை டப்பாவில் அடைத்து, சித்திரை வெயிலில் பஸ் ஏறி திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். வழியிலேயே கிருமி பெருகிவிடும். இல்லாத தொற்று இருப்பதாக முடிவு வரும். தேவையில்லாத மாத்திரை தொடங்கும். ஆஸ்பத்திரியிலேயே, முதல் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்து, உடனே ஒப்படையுங்கள். முடிவுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும்.

போன தடவை எழுதிய சிப்ரோஃப்ளாக்ஸசினே இருக்கிறது என்று பழைய சீட்டை நீட்டுவதும் வேண்டாம். இந்தியாவில் சிறுநீரில் வளரும் ஈ-கோலியில் பெரும்பங்கு அதற்கு அடங்குவதில்லை என்று ஐ.சி.எம்.ஆர். ஆண்டறிக்கைகள் காட்டுகின்றன. இன்னொரு ஆன்டிபயாடிக்கான செஃபிக்ஸிம் 2014 மார்ச் முதல், விற்பனையைப் பதிவு செய்தாக வேண்டிய மருந்துகளின் எச்1 பட்டியலில் இருக்கிறது. விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவேட்டை மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். எங்கள் குழுவின் கடைகளில் இனி புதுச் சீட்டு இல்லாமல் இந்த இரண்டில் எதுவும் கிடைக்காது, சொந்தக்காரர் வந்து கேட்டாலும்.