கடைசிச் சீட்டு

சூதாட்டம் கூடாது என்று எழுதப் புகுந்தவர்கள் எல்லாரும் தருமபுத்திரரையும் நளனையும் சாட்சிக்குக் கூப்பிடுவது வழக்கம். வள்ளுவர் வேறு அதற்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். நான் அவர்களைத் தொந்தரவு செய்யப் போவதில்லை. எனக்குச் சண்டை, "இது சூது அல்ல, சாமர்த்தியம்" என்று சொல்கிற கெட்டிக்காரர்களோடுதான்.

சாமர்த்தியம் இல்லை என்று யார் சொன்னது? ரம்மியில் பெரும்பகுதி சாமர்த்தியமே என்று 1967-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. 2023-ல் சென்னை ஹைகோர்ட்டு போக்கரையும் அதோடு சேர்த்தது. நானும் ஒப்புக்கொள்கிறேன்.

காரைக்காலில் எங்கள் தெருவில், பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு திரும்பிய சொல்தா தாத்தா ஒருவர் இருந்தார். புளியங்கொட்டை வைத்து எனக்குப் போக்கர் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கடைசிச் சீட்டு விழுந்துவிட்டால் அதிருஷ்டத்துக்கு வேலை முடிந்தது என்பார். நடுவில் நூறு கொட்டை கிடக்கிறது. எதிராளி ஐம்பது வைக்கிறான். நீ ஐம்பது போட்டு ஜெயித்தால் கிடைப்பது நூற்றைம்பது. ஆக, நாலு தடவையில் ஒரு தடவை உன் கை மேலாக இருந்தாலே நஷ்டமில்லை. அதே ஐம்பதை வெறுங்கையோடு நீ வைத்து மிரட்டினால், மூன்றில் ஒரு தடவை அவன் சீட்டைக் கவிழ்த்தால் போதும். நடுத்தரக் கை என்றால் பேசாமலிரு. பணம் வைத்தால் உன்னைவிட மட்டமான கைக்காரன் ஓடிவிடுவான். மேலானவன்தான் கூட வருவான்.

கணக்கு இவ்வளவுதான். எட்டாம் வகுப்புப் பையன் போட்டுவிடுவான். ஆனால் நாலில் ஒன்றா, பத்தில் ஒன்றா என்பதைக் கணக்கு சொல்லாது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள்தான் சொல்ல வேண்டும். தாத்தா என் முகத்தைப் பார்த்ததே இல்லை. என் கால் கட்டைவிரலைப் பார்த்தே ஜெயித்துக்கொண்டிருந்தார்.

(இங்கிலீஷ்காரன் அந்தக் கடைசிச் சீட்டுக்கு 'ரிவர்' என்று பெயர் வைத்திருக்கிறான். காவிரியின் கடைமடைக்காரனான எனக்குச் சிரிப்பு வருகிறது. வருமோ வராதோ என்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பது எங்களுக்குப் புதிதா?)

என் ஒன்றுவிட்ட தம்பி கணக்கில் என்னைவிடக் கெட்டி. இதையே அவன் செல்போனில் ஆடினான். எதிராளி யார்? ஒரு பொம்மைப் படம், அதன் கீழ் ஒரு புனைபெயர். புனைபெயரில் கதை எழுதலாம்; அதை வைத்து ஆளை எடைபோட முடியுமா? போதாக்குறைக்குக் கடை நடத்துகிறவன் தன் பங்கை எடுத்துக்கொண்டே இருக்கிறான். திண்ணையில் நாலு பேர் ஆடினால் ஒருவன் தோற்றது இன்னொருவன் மடியில் இருக்கும். அங்கேயோ, நாலு பேரும் சம சாமர்த்தியசாலிகளாக இருந்தால் நாளடைவில் நாலு பேருமே தோற்பார்கள். நடுராத்திரிக்கு மேல், போட்டதை எடுத்தாக வேண்டும் என்ற வெறி வந்த பிறகு நாலில் ஒன்றாவது, மூன்றில் ஒன்றாவது! அவன் மனைவியின் சங்கிலி போன சங்கதி, சலவைக்குப் போட்ட சட்டையில் அடகுக் கடை ரசீது அகப்பட்டபோதுதான் வீட்டுக்குத் தெரிந்தது.

தமிழ்நாடு 2022-ல் போட்ட தடைச் சட்டம் காரைக்காலுக்குச் செல்லாது. வாஞ்சூர் தாண்டினால் எல்லாமே வேறுதானே! 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட், சாமர்த்தியமோ அதிருஷ்டமோ, இணையத்தில் பணம் வைத்து ஆடுகிற ஆட்டமே கூடாது என்று சட்டம் செய்தது. அறிவுக்கு விலங்கு பூட்டிவிட்டார்கள் என்று கெட்டிக்காரர்கள் அங்கலாய்க்கிறார்கள். ஐயா, அறிவைத்தான் காட்ட வேண்டுமென்றால் புளியங்கொட்டை இருக்கிறதே! வாருங்கள் என்று எத்தனையோ பேரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை.

தம்பி மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். நன்றாகத்தான் ஆடினான். கடைசிச் சீட்டைத் திருப்பும்போது அவன் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். அது அசையவில்லை. கைதான் சட்டைப் பையிலிருந்த செல்போனைத் தடவிக்கொண்டிருந்தது.