காலண்டரைக் கொடுக்கலாம், கதையைக் கொடுக்கலாமா?

விர்ச்சுவல் அசிஸ்டென்ட் என்றால் உங்கள் அலுவலகத்திற்கு வராமல், தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தபடியே உங்கள் வேலைகளைச் செய்து தரும் உதவியாளர். இமெயிலுக்குப் பதில் அனுப்புவது, சந்திப்பு நேரங்களைக் குறித்து வைப்பது, பில் போடுவது எனப் பல வேலைகளை இவர்கள் செய்கின்றனர். கம்ப்யூட்டரும் இணைய இணைப்பும் இருந்தால் போதும் என்பதால், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் இந்த வேலையைத் தேடுகின்றனர். அப்படி ஒருவர்தான் எங்கள் ஊரில் உள்ள என் பெரியப்பா மகள்.

எங்கள் ஊர் விழுப்புரம் பக்கத்தில் உள்ள பனமலை. குன்றின் மேல் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோவிலும், அதில் உள்ள பார்வதி ஓவியமும் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவை. அந்த ஊரில் இருந்துகொண்டு அக்கா வேலை பார்த்தது அமெரிக்காவில் உள்ள ஒரு விவாகரத்து வழிகாட்டிக்கு. அங்கே இவர்களை டைவர்ஸ் கோச் என்கின்றனர். இவர் வக்கீல் அல்ல, மனநல மருத்துவரும் அல்ல. விவாகரத்து செய்வதா வேண்டாமா, குழந்தைகளிடம் எப்படிச் சொல்வது, வக்கீலிடம் போகும் முன் எந்தக் காகிதங்களை எடுத்து வைப்பது என்று கட்டணம் பெற்றுக்கொண்டு ஆலோசனை சொல்பவர்.

அக்காவின் கம்ப்யூட்டரைத் தயார் செய்து கொடுத்தது நான்தான். சாப்ட்வேர் இஞ்சினியர் என்ற பெருமையில் முகவரிப் பட்டியலையும் ஒழுங்கு செய்தேன். ஒரே பெயரில் இரண்டு பதிவுகள் இருந்தால் அவற்றை ஒன்றாக்கினேன். சந்திப்புக்கு முதல் நாள் நினைவூட்டல் மெயில் தானாகச் செல்லும்படியும் அமைத்தேன்.

தவறு அங்கேதான் நடந்தது. ஒரு பெண் முதன்முதலில் விசாரித்தபோது, வீட்டில் எல்லாரும் பயன்படுத்தும் பொதுவான இமெயில் முகவரியில் இருந்து எழுதியிருந்தார். பிறகு புதிய முகவரி ஒன்றைத் தொடங்கி, இனி இதற்கு மட்டும் எழுதுங்கள் என்று சொல்லியிருந்தார். நான் இரண்டையும் ஒன்றாக்கியதில் பழைய முகவரி முதலில் வந்து நின்றது. நினைவூட்டல் அங்கே சென்றது. கணவர் அதை முதலில் படித்தார். தன் மனைவி விவாகரத்து பற்றி யோசிக்கிறார் என்பது அந்த நிமிடம் வரை அவருக்குத் தெரியாது.

"தம்பி, மெயில் வேற யாருக்கும் போகலையே, அது அவங்க அட்ரஸ்தானே?" என்று அக்கா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை எந்தப் பிழையும் இல்லை. அந்தப் பெண் அதற்குப் பிறகு ஆலோசனைக்கு வரவில்லை. அவருக்கு என்ன ஆனது என்பது எங்களுக்குத் தெரியாது.

இந்த வேலை நம் நாட்டிற்குப் புதிதல்ல. அமெரிக்க எழுத்தாளர் ஏ.ஜே. ஜேக்கப்ஸ், தன் அன்றாட வேலைகளைப் பெங்களூருவில் உள்ள உதவியாளர்களிடம் ஒப்படைத்த அனுபவத்தை 2005ல் எஸ்கொயர் இதழில் எழுதினார். மனைவியுடன் ஏற்பட்ட சிறு சண்டைக்கு மன்னிப்புக் கேட்கும் மெயிலைக்கூட இங்குள்ள உதவியாளர்தான் எழுதி அனுப்பினார். படித்தவர்கள் சிரித்தனர். கணவன் மனைவி பிரியும் நிலையில் இதே வேலை சிரிப்பாக இருக்காது.

சட்டத்தையும் பாருங்கள். வக்கீலிடம் நாம் சொல்வதை, நம் சம்மதம் இல்லாமல் அவர் வெளியிடக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு அவருடைய குமாஸ்தாவிற்கும் உண்டு. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்திற்கு வந்துள்ள பாரதிய சாட்சிய சட்டத்திலும் தொடர்கிறது. வக்கீல் அல்லாத வழிகாட்டிக்கும், அவருடைய உதவியாளருக்கும் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. தம்பதியரில் ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்த தொலைபேசிப் பேச்சை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்துள்ளது. எழுதி வைத்த ஒவ்வொரு வரியும் ஒருநாள் எதிர்த் தரப்பின் கைக்குப் போகலாம் என்று நினைத்தே வேலை செய்ய வேண்டும்.

பின்லாந்தில் வஸ்தாமோ என்ற மனநல ஆலோசனை நிறுவனம் இருந்தது. அதன் கம்ப்யூட்டரில் இருந்து திருடப்பட்ட குறிப்புகளை வைத்து, 2020 அக்டோபரில் நோயாளிகளிடமே நேரடியாகப் பணம் கேட்டு மிரட்டினர். பாதிக்கப்பட்டவர்கள் 30 ஆயிரத்துக்கும் மேல். நிறுவனம் அடுத்த ஆண்டே திவாலானது. பணத்தை வங்கி திருப்பித் தரலாம். வெளியே போன கதையை யார் திருப்பித் தருவது?

எனவே என் கருத்து இதுதான். உதவியாளரிடம் காலண்டரைக் கொடுங்கள், பில் புத்தகத்தைக் கொடுங்கள். கதையைக் கொடுக்காதீர்கள். அதற்குக் கீழ்க்கண்டவை உதவும்.

1. சந்திப்புகளுக்கு என்று தனி இமெயில் முகவரி தொடங்குங்கள். ஜிமெயிலில் உங்கள் அக்கவுண்ட்டை இன்னொருவர் பயன்படுத்த அனுமதி தரும் வசதி உள்ளது. அதில் பாஸ்வேர்ட் தரத் தேவையில்லை என்றாலும், எல்லா மெயில்களையும் அவர் படிக்கலாம். எனவே முதன்மை முகவரிக்கு அந்த அனுமதியைத் தராதீர்கள்.

2. காலண்டரில் பெயருக்குப் பதில் எண் எழுதுங்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் வழிகாட்டியிடம் மட்டும் இருக்கட்டும்.

3. எந்த முகவரிக்கு, எந்த போனுக்கு, எந்த நேரத்தில் தொடர்பு கொள்ளலாம் என்று வாடிக்கையாளரிடமே கேளுங்கள். பழைய முகவரியை உடனே நீக்குங்கள். மெயிலின் தலைப்பு வரியில் விவாகரத்து என்ற சொல்லே வர வேண்டாம்.

4. ஜிமெயில், நீங்கள் எழுதும் முகவரிகளைத் தானாகச் சேமித்து வைக்கும். செட்டிங்ஸ் சென்று ஜெனரல் பிரிவில், தொடர்புகளை நானே சேர்த்துக் கொள்கிறேன் என்ற பொருள் தரும் வரியைத் தேர்ந்தெடுத்து, கீழே சேவ் செய்திடவும்.

5. உதவியாளரின் கம்ப்யூட்டரில் இந்த வேலைக்கு மட்டும் தனி யூசர் அக்கவுண்ட், தனி பாஸ்வேர்ட் வேண்டும். வீட்டுப் பிள்ளைகள் கேம் விளையாடும் அக்கவுண்ட்டில் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

மனிதரே வேண்டாம், சாட்ஜிபிடி போன்ற ஏஐ உதவியாளர் போதுமே என்று சிலர் கேட்கலாம். வக்கீலிடமோ டாக்டரிடமோ பேசுவதற்கு உள்ள சட்டப் பாதுகாப்பு சாட்ஜிபிடியுடன் பேசுவதற்கு இல்லை என்று, அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் தலைவர் சாம் ஆல்ட்மன் அவர்களே 2025 ஜூலையில் சொன்னார். பில் கணக்கைச் சரிபார்க்க அதைக் கேளுங்கள். ஆலோசனைக் குறிப்புகளை அதில் பேஸ்ட் செய்யாதீர்கள்.

இத்தனை கட்டுப்பாடு வைத்தால் உதவியாளர் எதற்கு என்ற கேள்வி எழலாம். நேரம் குறிப்பதும், பில் அனுப்புவதும், வராத பணத்தை நினைவூட்டுவதும் ஒரு வழிகாட்டியின் நாளில் பெரும் பகுதியைத் தின்பவை. அவை குறைந்தாலே, எதிரில் அழுதுகொண்டிருப்பவரிடம் பேச அவருக்கு நேரம் கிடைக்கும்.

அக்கா இந்த வேலையை விடவில்லை. ஒவ்வொரு நினைவூட்டலையும் இப்போது அவரே முகவரியைப் படித்துப் பார்த்துதான் அனுப்புகிறார். நாளொன்றுக்குக் கால் மணி நேரம் கூடுதலாகிறது. வேகமாகச் செய்து தருகிறேன் என்று நான் இருமுறை சொல்லிப் பார்த்தேன். வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதுதான் சரி.