கிட்டப் போகச் சொன்னது நாங்கள்தான்

கடந்த டிசம்பர் விடுமுறையில் கல்முனையிலிருந்து சாச்சி குடும்பம் வெலிகமவிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. அவர்களின் தயவில்தான் எனக்கும் மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கக் கிடைத்தது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்க்கிறார்கள். பக்கத்தூரில் பிறந்த நான் பதினேழு வயதுவரை பார்த்ததில்லை!

சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். படகு ஏறி ஒரு மணி நேரத்துக்குள் சாச்சிக்கும் எனக்கும் வாந்தி. அந்தப் பகுதியை விட்டுவிடுகிறேன். திடீரென யாரோ கூவினார்கள். தூரத்தில் கடலைப் பிளந்துகொண்டு வெள்ளைப் புகைபோல மூச்சு எழுந்தது. நீலத் திமிங்கிலம்! இரண்டு பஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் நீளம். உம்மா "சுப்ஹானல்லாஹ்" என்றார்.

அடுத்து நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். "வாப்பா, இன்னும் கிட்டப் போகச் சொல்லுங்க, போட்டோ தெளிவில்ல" என்று கத்தியது நான். வாப்பா அதைச் சிங்களத்தில் கப்டனிடம் சொன்னார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர் வேகத்தைக் கூட்டினார். வேறு நான்கு படகுகளும் அதே இடத்துக்கு விரைந்து வந்தன. திமிங்கிலம் இரண்டு தடவை மூச்சுவிட்டது. பிறகு வாலைக்கூடக் காட்டாமல் அமிழ்ந்துபோனது. எங்களுக்கு மிஞ்சியது டீசல் மணம்.

நான் உயிரியல் படிக்கும் மாணவி. திமிங்கிலம் மீனல்ல, நுரையீரலால் சுவாசிக்கும் பாலூட்டி என்று பரீட்சையில் எழுதத் தெரியும். ஆழத்தில் இரை தேடிவிட்டு வரும் அது, மேலே நின்று பல தடவை மூச்செடுத்துத்தான் மறுபடி ஆழத்துக்குப் போக வேண்டும். அந்த மூச்சைத்தான் நாங்கள் இடையில் நிறுத்தினோம். 100 மீற்றருக்குள் நெருங்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் இருப்பதை வீட்டுக்கு வந்த பிறகே வாசித்தேன்.

எல்லோரும் படகுக்காரர்களைத்தான் குறை சொல்கிறார்கள். அது பாதி நியாயம். திரும்பும் வழியில் வாப்பா கேட்டபோது, "கிட்டப் போகாவிட்டால் காசைத் திருப்பிக் கேட்கிறார்கள், மாத்தயா" என்றார் அந்தக் கப்டன். கேட்பவர்கள் நம்மைப் போன்றவர்கள்தானே?

தேவேந்திரமுனைக்குத் தெற்கே, இவை இரை தேடும் இடத்தின் ஊடாகவே உலகின் நெரிசலான கப்பல் பாதை ஒன்று செல்கிறது. கப்பல் மோதி நீலத் திமிங்கிலங்கள் இறந்திருக்கின்றன. நம் நாட்டுக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். 2022 இல் பெரிய கப்பல் நிறுவனமொன்று தன் கப்பல்களை இன்னும் தெற்கே விலக்கி ஓட்டத் தொடங்கியது. கொள்கலன் ஏற்றிய கப்பலே விலகிப் போகிறது. கையில் போனுடன் நிற்கும் நமக்கு விலகி நிற்க முடியாதா?

திமிங்கிலம் பார்க்கப் போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மிரிஸ்ஸவில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிவது இதனால்தான். படகில் ஏறுமுன்பே "தூரத்தில் நிறுத்துங்கள், அது போதும்" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டால், பாவம், கப்டனுக்கும் பயமிருக்காது.

சாச்சியின் மகள் மறுபடி வரப்போகிறாளாம். இந்த முறை கப்டனிடம் சிங்களத்தில் பேசப்போவது நான்தான் என்று வாப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.