வழுவைத் தேடும் முறை

"அவன் வந்தாள்" என்றெழுதினால் ஆசிரியர் உடனே சிவப்பு மையாற் கோடிடுவார், அது பால்வழு. கணினிச் செய்நிரலிலும் வழு உண்டு. ஆயின் அங்கே எல்லா வழுவுக்கும் சிவப்புக் கோடு விழுவதில்லை. பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி 1972ஆம் ஆண்டளவில் ஆக்கிய சி மொழியில், இலக்கணம் பிழைத்தால் தொகுப்பான் தடுத்து நிறுத்தும். கருத்துப் பிழைத்தாலோ பெரும்பாலும் வாளாவிருந்துவிடும். இவ்வாறு மறைந்திருக்கும் வழுவே அஞ்சத்தக்கது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு மாணவி ஐந்து பாடங்களிற் பெற்ற புள்ளிகள் 68, 74, 81, 59, 70. கூட்டுத்தொகை 352, சராசரி 70.4. செய்நிரலோ 70.0 என்று காட்டுகின்றது. 351 புள்ளி பெற்ற மற்றொருத்திக்கும் அதே 70.0. முதலிடத்துக்கு உரியவள் அதனைத் தனித்துப் பெறாது போகின்றாள்!

இந்நிலையிற் பலர் செய்வது யாது? இங்கே ஓர் எழுத்தையும் அங்கே ஒரு வரியையும் மாற்றிப் பார்ப்பர். நோயை அறியாமல் மருந்து கொடுப்பதை இஃது ஒக்கும். மாணவர்களே, ஊகிக்க வேண்டாம். செய்நிரலையே சாட்சி சொல்ல வையுங்கள்.

முதலில், விடையைக் கையாற் கணித்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பாடங்களுக்கும் 70 என்று கொடுத்துச் சோதித்தால் இவ்வழு வெளிப்படாது. தசமம் வரக்கூடிய எண்களையும் கொடுத்தல் வேண்டும்.

அடுத்து, செய்நிரலின் நடுவே, வகுத்தலுக்குச் சற்று முன்னர், கூட்டுத்தொகையைப் பிரின்ட்எவ் கட்டளையால் திரையிற் காட்டுங்கள். 352 என்று வந்தால், அதற்கு மேலுள்ள வரிகள் இவ்வழுவுக்குக் காரணமல்ல. குற்றம் கீழே உள்ளது. வேறெண் வந்தால் மேலே தேடுக. இவ்வாறு பாதி பாதியாகக் கழித்துச் சென்றால், ஆயிரம் வரிகளாயினும் ஏறக்குறைய பத்துச் சோதனைகளில் ஒரு வரி எஞ்சும்.

நம் உதாரணத்தில் எஞ்சியது வகுத்தல் வரி. சி மொழியில் முழுவெண்ணை முழுவெண்ணால் வகுத்தால் தசமப் பகுதி கைவிடப்படும். விடையைத் தசம மாறியில் இட்டாலும் போனது மீளாது. 5 என்பதற்குப் பதிலாக 5.0 என்று எழுதினால் 70.4 கிடைக்கும். ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்க. செய்தபின் பழைய சோதனைகள் அனைத்தையும் மீண்டும் நடத்துக.

நிற்க. ஜீ.சீ.சீ. தொகுப்பானுக்கு "-வோல்" என்னும் குறிப்பையும் கொடுத்தால், நிபந்தனையில் == இட வேண்டிய இடத்தில் = இட்டது போன்ற பல வழுக்களை அதுவே முன்கூட்டி எச்சரிக்கும். எச்சரிக்கையைப் படியாது விடுவது நம் குற்றமே.

இனி, ஒரு பயிற்சி: ஐந்து புள்ளிகளை வைத்துள்ள அணியில் இடங்கள் 0 முதல் 4 வரை எண்ணப்படும். ஒருவர் 1 முதல் 5 வரை எண்ணிக் கூட்டினார். நேர்ந்த பிழைகள் இரண்டு, அவை யாவை? கணினியைத் தொடுமுன் தாளிற் கணித்துப் பாருங்கள்.