மாடல் வீட்டைக் காட்டி பணம் வாங்கினாங்க... பர்மிட்டுக்கு லஞ்சம் கொடுத்தாங்க! ஜகார்த்தா பக்கத்துல சிக்காராங்: குடியிருக்கலாம்... முதலீடு பண்ணலாமா?

உலகத்திலேயே ஜனத்தொகை அதிகமான நகரம் எது? இதுவரைக்கும் டோக்கியோன்னுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். 2025-ல் ஐ.நா. வெளியிட்ட கணக்கில் முதல் இடம் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவுக்குப் போய்விட்டது. சுற்றுவட்டார ஊர்களையும் சேர்த்து சுமார் 4 கோடியே 20 லட்சம் பேர். டாக்கா இரண்டாவது, டோக்கியோ மூன்றாவது.

இத்தனை ஜனமும் ஜகார்த்தாவுக்குள்ளேயே குடியிருக்க முடியுமா? முடியாது. அதனால் போகோர், டெபோக், தாங்கராங், பெகாசி என்று நாலு பக்கமும் ஊர் வீங்கிக்கொண்டே போகிறது. இதில் கிழக்குப் பக்கம் பெகாசி மாவட்டத்தில் இருக்கிற சிக்காராங் தொழிலாளிகளின் ஊர். ஜகார்த்தாவில் இருந்து சுமார் 40 கிலோ மீட்டர். இங்கே வீடு வாங்கியவர்கள் சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். சிலர் வருஷக்கணக்கில் கண்ணீர் விட்டார்கள். ஒரே ஊரில் எப்படி இந்த வித்தியாசம்? விவரம் வருமாறு:-

தலைநகரை விட கூலி அதிகம்

1980-களின் கடைசியில் ஜகார்த்தா - சிக்காம்பெக் டோல் ரோடு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தொழிற்பேட்டைகள் வந்தன. 1989-ல் ஜபாபெகா ஆரம்பித்தது. பிறகு லிப்போ சிக்காராங், எம்.எம்.2100, டெல்டாமாஸ் என்று வரிசை கட்டின. ஜப்பான், கொரியா கம்பெனிகள் குவிந்தன. 2022-ல் ஹூண்டாய் கார் கம்பெனி டெல்டாமாசில் பேக்டரி திறந்தது.

கூலியைப் பாருங்கள். 2025-க்கு பெகாசி மாவட்டத்தில் அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச மாசச் சம்பளம் 55 லட்சத்து 58 ஆயிரத்து 515 ரூபியா. நம்ம காசுக்கு சுமார் 29 ஆயிரம் ரூபாய். அதே வருஷம் தலைநகர் ஜகார்த்தாவில் 53 லட்சத்து 96 ஆயிரத்து 761 ரூபியாதான். அதாவது தலைநகரை விட புறநகரில் கூலி அதிகம்! அப்புறம் ஜனம் வராமல் என்ன செய்யும்?

போக்குவரத்தும் பரவாயில்லை. 2017 அக்டோபரில் மின்சார ரெயில் சிக்காராங் வரைக்கும் நீட்டிக்கப்பட்டது. முதல் 25 கிலோ மீட்டருக்கு 2025-லும் டிக்கெட் 3 ஆயிரம் ரூபியாதான். நம்ம 16 ரூபாய். காலையில் உள்ளே ஏறுவதுதான் பெரும்பாடு. டோல் ரோட்டில் நெரிசல் தாங்காமல் 2019 டிசம்பரில் அதன் மேலேயே நீளமான மேம்பாலச் சாலையைத் திறந்தார்கள். அப்படியும் நெரிசல் தீரவில்லை.

இன்னொரு விஷயம் வெள்ளம். 2020 புத்தாண்டு அன்றும், 2025 மார்ச் முதல் வாரத்திலும் பெகாசி நகரம் தண்ணீரில் மிதந்தது. மார்ச் வெள்ளத்தில் பெரிய ஷாப்பிங் மால் ஒன்றுக்குள்ளேயே ஆற்றுத் தண்ணீர் புகுந்தது. விளம்பரப் படத்தில் ஆறு அழகாகத்தான் இருக்கும். மழைக்காலத்தில் போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பவன்தான் விவரமானவன்.

லைன் வீட்டுக்காரர் கணக்கு

இந்த ஊரில் சத்தமில்லாமல் சம்பாதிப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள். வயலில் ஒரு பகுதியை விற்றுவிட்டு, மீதி இடத்தில் வரிசையாக ஒற்றை ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அங்கே 'கொந்த்ராக்கான்' என்பார்கள். நம்ம ஊர் லைன் வீடுதான். ஜாவா கிராமங்களில் இருந்து வரும் வாலிபர்கள், பெண்கள் தங்குவது இதில்தான். பேக்டரி கேட்டுக்கு நடந்து போகிற தூரம் என்றால் ரூம் காலியாக நிற்காது.

இதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. தொழிலாளிகளில் நிறைய பேர் காண்டிராக்ட். காண்டிராக்ட் முடிந்தால் மூட்டை கட்டிவிடுவார்கள். கூலி ஏறுகிறதே என்று தையல், செருப்பு கம்பெனிகள் கூலி குறைவான மத்திய ஜாவாவுக்கு இடம் பெயர்ந்ததும் உண்டு. ஆனாலும் ரூம் கண் முன்னே நிற்கிறது. இந்த மாசம் ஆள் இல்லாவிட்டால் அடுத்த மாசம் வருவான். மாட்டிக்கொண்டவர்கள் கதை வேறே. அவர்கள் கண் முன்னே சுவர்கூட இல்லை.

டி.வி.யைத் திறந்தால் மெய்கார்த்தா

2017-ல் இந்தோனேசியாவில் டி.வி.யைத் திறந்தால் ஒரே விளம்பரம். அழுக்கு, நெரிசல், குற்றம் நிறைந்த ஊரில் காரில் போகிற சின்னப் பெண், எனக்கு மெய்கார்த்தாவுக்குப் போகணும் என்கிறாள். அது என்ன மெய்கார்த்தா? பெரும் பணக்காரர்களான ரியாடி குடும்பத்தின் லிப்போ குழுமம் சிக்காராங்கில் கட்டப்போவதாகச் சொன்ன புது நகரம். குடும்பத் தலைவர் மொக்தார் ரியாடியின் மனைவி பெயரில் இருந்து 'மெய்' வந்தது.

முதலீடு 278 லட்சம் கோடி ரூபியா என்றார்கள். பரப்பளவு 500 ஹெக்டேர் என்றார்கள். வீடு 12 கோடியே 70 லட்சம் ரூபியாவில் இருந்து ஆரம்பம். பயந்துவிடாதீர்கள், அன்றைய கணக்கில் நம்ம 6 லட்சம் ரூபாய். ஜகார்த்தா பக்கத்தில் 6 லட்சத்துக்கு அடுக்குமாடி வீடு! புக்கிங்குக்கு 20 லட்சம் ரூபியா போதும், அதாவது நம்ம பத்தாயிரத்துக்கும் கீழே. ஷாப்பிங் மாலுக்கு மால் ஸ்டால் போட்டு விற்றார்கள். சம்பளக்காரர்கள், சின்ன வியாபாரிகள் எல்லாம் வரிசையில் நின்றார்கள். ஒன்று நாம் இருக்க, ஒன்று வாடகைக்கு என்று இரண்டு எடுத்தவர்களும் உண்டு.

அப்போதே ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். மேற்கு ஜாவா துணை கவர்னர் டெடி மிஸ்வார். இவர் அந்த நாட்டின் பிரபல சினிமா நடிகரும்கூட. அனுமதி சரியாகும் வரை விற்பனையை நிறுத்துங்கள் என்றார். மாகாண அரசு பரிந்துரை செய்தது 84.6 ஹெக்டேருக்கு மட்டும்தான். விளம்பரத்தில் 500, பேப்பரில் 84.6! ஆனால் விளம்பரம் ஓயவில்லை. நடிகர் சொன்ன நிஜத்தை விட சின்னப் பெண் பேசிய வசனத்தைத்தான் ஜனம் நம்பியது.

குழந்தைப் பாடகி பெயரில் ரகசியக் குறியீடு

2018 அக்டோபர் மாதம் குண்டு வெடித்தது. கே.பி.கே. எனும் ஊழல் ஒழிப்பு ஆணையம் அதிரடி சோதனை நடத்தியது. பெகாசி மாவட்டத் தலைவி நெனெங் ஹசானா யாசின், லிப்போ குழும அதிகாரி பில்லி சிந்தோரோ, மாவட்ட அதிகாரிகள் பலர் கைதானார்கள். மாவட்டத் தலைவர் பதவியை அங்கே 'புபாத்தி' என்பார்கள். ஓட்டுப் போட்டு ஜனம் தேர்ந்தெடுக்கும் பதவி.

எதற்கு லஞ்சம்? மெய்கார்த்தா பர்மிட்டுக்கு! வழக்கில் சொல்லப்பட்ட தொகை 1,618 கோடி ரூபியா, அது போக 2 லட்சத்து 70 ஆயிரம் சிங்கப்பூர் டாலர். யாருக்கு எவ்வளவு என்று பேசிக்கொள்ள ரகசியப் பெயர்கள் வைத்திருந்தார்கள். அதில் ஒன்று 'தீனா தூன்'. ஒரு காலத்தில் நாடே கொஞ்சிய குழந்தைப் பாடகியின் பெயர். பாவம், அந்தப் பாடகிக்கும் வழக்குக்கும் சம்பந்தமே இல்லை.

2019 மார்ச்சில் பில்லி சிந்தோரோவுக்கு மூன்றரை வருஷம் ஜெயில். இவர் 2008-லும் ஒரு லஞ்ச வழக்கில் சிக்கியவர். மே மாதம் நெனெங்குக்கு 6 வருஷம்.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பணம் கட்டியவன், இவ்வளவு பெரிய கம்பெனி, டி.வி.யில் காட்டுகிறான், பர்மிட் இல்லாமலா இருக்கும் என்று நினைத்தான். ஆனால் அவன் தவணை கட்ட ஆரம்பித்த நேரத்தில் கம்பெனி ஆட்கள் அந்த பர்மிட்டுக்காகத்தான் கவரோடு அலைந்துகொண்டிருந்தார்கள். 6 லட்சத்துக்கு வீடு ஏன் அவ்வளவு மலிவாகத் தெரிந்தது என்று இப்போது புரிகிறதா? விற்றது வீடு இல்லை, வீடு வரலாம் என்கிற நம்பிக்கை.

பணம் கட்டியவர்கள் மீதே கேஸ்

2019, 2020-ல் சாவி கிடைக்கும் என்று காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது கோர்ட்டு சேதி. கட்டுமானக் கம்பெனியான மக்கோத்தா செந்தோசா உத்தாமாவின் கடன் விவகாரம் ஜகார்த்தா வணிக கோர்ட்டுக்குப் போனது. 2020 டிசம்பரில் சமரசத் திட்டத்துக்கு கோர்ட்டு ஒப்புதல் கொடுத்தது. அதன்படி 2027 வரை படிப்படியாக வீடு கொடுக்கலாம். கம்பெனிக்கு டைம் கிடைத்துவிட்டது. பேங்க் லோன் எடுத்தவனுக்கு? வீடு வராவிட்டாலும் தவணை நிற்காது. குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை, குடியேறாத வீட்டுக்கு தவணை என்று இரண்டு பக்கமும் அடி.

2022 டிசம்பரில் ஜனம் வீதிக்கு வந்தது. நாடாளுமன்றம் முன்பும், லோன் கொடுத்த நோபு பேங்க் முன்பும் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். பதிலுக்கு கம்பெனி என்ன செய்தது தெரியுமா? ஆர்ப்பாட்டக்காரர்களில் 18 பேர் மீது 5,600 கோடி ரூபியா நஷ்டஈடு கேட்டு கேஸ் போட்டது! நம்ம பணத்தில் சுமார் 30 கோடி. நாடே கொதித்தது. 2023 பிப்ரவரியில் நாடாளுமன்றக் கமிட்டி கம்பெனி அதிகாரிகளைக் கூப்பிட்டு கேள்வி கேட்ட பிறகு கேஸ் வாபஸ் ஆனது.

சட்டம் இருந்துச்சே...

சட்டம் இல்லாமல் இல்லை. 2011-ல் வந்த அடுக்குமாடி வீட்டுச் சட்டப்படி, நிலத்தின் உரிமையும் கட்டட அனுமதியும் இருந்து, குறைந்தது 20 சதவீதம் கட்டி முடித்த பிறகுதான் விற்பனை முன் ஒப்பந்தம் போட முடியும். இதைக் கண்காணிக்க வேண்டிய மாவட்ட ஆபீசே கவர் வாங்கிக்கொண்டிருந்தால் யார் கேட்பது? என்னைக் கேட்டால் முதல் குற்றவாளி அந்த ஆபீஸ்தான். விளம்பரம் போடுகிறவன் போடத்தான் செய்வான்.

வெளிநாட்டுக்காரர்கள் கணக்கு இன்னும் சிக்கல். 1960 நிலச் சட்டப்படி நிரந்தர சொந்த உரிமை இந்தோனேசியக் குடிமகனுக்கு மட்டும்தான். கம்பெனி நிலம் பெரும்பாலும் 30 வருஷக் கட்டட உரிமை. பிறகு 20, அப்புறம் 30 என நீட்டிக்க மனு போடலாம். உள்ளூர் ஆள் பெயரில் வாங்கிப் போடுகிறேன் என்று யாராவது ஆசை காட்டினால், அந்த நிலம் சட்டப்படி அந்த ஆளுக்குத்தான் சொந்தம். நிலப்பதிவு ஆபீசில் சான்றிதழைச் சரிபார்க்க வழி இருக்கிறது. இப்போது செல்போன் ஆப்பும் இருக்கிறது.

சிக்காராங் செத்துப்போன ஊர் இல்லை. பேக்டரி சங்கு ஊதுகிறது, ரெயில் நிரம்பி வழிகிறது. மெய்கார்த்தாவிலும் கட்டி முடித்த கட்டடங்களில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். கட்டி நிற்கிற வீட்டை நேரில் பார்த்து, வேலைக்குப் பக்கத்தில் என்று வாங்கியவனுக்கு விலை ஏறினாலும் இறங்கினாலும் தலைக்கு மேலே கூரை இருக்கிறது.

மற்றவர்களுக்காக 2025-ல் வீட்டு வசதித் துறை அமைச்சர் மாருவாரார் சிராயித் நேரடியாகத் தலையிட்டு, லிப்போ குழுமத்தோடு பேச்சுவார்த்தை நடத்தினார். சிலருக்குப் பணம் திரும்பக் கிடைத்தது, எட்டு வருஷம் கழித்து. அதே 2025 டிசம்பரில் பெகாசி மாவட்டத்தின் இன்னொரு புபாத்தியையும் கே.பி.கே. கைது செய்தது. அது வேறு லஞ்ச வழக்கு. மெய்கார்த்தா வீடுகளுக்கு கோர்ட்டு ஒப்புக்கொண்ட கெடு 2027.