மருந்துக்கு முன் தண்ணீரைச் சோதியுங்கள்

கடல் வண்ண மீன் வளர்ப்பு, கடலோரக் குடும்பங்களுக்கு நல்லதொரு உபதொழில். கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துத் தந்துள்ளது. குஞ்சுகளை வாங்கி வீட்டுத் தொட்டியில் வளர்த்து விற்கலாம். ஆனால் தொட்டிக்கும் மோட்டாருக்கும் கடன் வாங்குகிறவர்கள், தண்ணீரைச் சோதிக்கும் பெட்டிக்கு மட்டும் காசு ஒதுக்குவதில்லை. மீன் சாகத் தொடங்கியதும் மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். இது தலைகீழான வழி.

முதலில் உப்பைப் பாருங்கள். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 100 லிட்டரில் 10 லிட்டர் வற்றினால் உப்பு ஏறக்குறைய 39 கிராமாகிறது. அந்தக் குறைவைக் கடல் நீரால் நிரப்புவது பெருந்தவறு; குளோரின் நீங்கிய நல்ல தண்ணீரையே ஊற்ற வேண்டும்.

அடுத்தது காரத்தன்மை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைப் பில்டரில் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் மீனை நெருக்கி விடக் கூடாது. இவை வேலை செய்யும்போது அமிலம் உண்டாகிறது. 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற, சுமார் 7 கிராம் காரத்தன்மை செலவாகிறது. கடல் நீரில் இருப்பதோ லிட்டருக்கு 115 மில்லிகிராம் அளவே. அது கரைந்தபின் பி.எச். இறங்குகிறது.

உடனே பி.எச். ஏற்றும் திரவத்தை வாங்கி ஊற்றுகிறார்கள். பி.எச். ஓர் அலகு ஏறினால், நச்சு வடிவிலுள்ள அம்மோனியா ஏறக்குறைய 10 மடங்காகிறது. முதல் நாள் சோர்ந்திருந்த மீன் மறுநாள் செத்து மிதப்பது இதனால்தான்.

செய்ய வேண்டியது எளிது. முதலில் அம்மோனியாவைச் சோதித்து, இருந்தால் தீனியைக் குறைத்துத் தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள். அதன் பிறகு 100 லிட்டருக்கு 3.5 கிராம் ஆப்ப சோடாவைக் கரைத்துச் சிறுகச் சிறுக விட்டால், காரத்தன்மை 20 மில்லிகிராம் அளவு உயரும். வாரந்தோறும் 10 முதல் 20 சதம் தண்ணீரை மாற்றி வந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

பவளக்கல்லைப் பில்டரில் போட்டால் போதும் என்பாரும் உண்டு. பி.எச். நன்றாக இறங்கிய பிறகே அது கரையும். அதனால் தொட்டியை 8.2-இல் நிறுத்தி வைக்க அதனால் ஆகாது. அதோடு, 2001 முதல் பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உள்ளது. எடுத்தால் வழக்கு வரும்.

மானியம் தரும் திட்டங்களுக்கும் ஒரு வார்த்தை. தொட்டியோடு உப்புமானியும் சோதனைப் பெட்டியும் சேர்த்தே வழங்க வேண்டும். அளவைப் படிக்கப் பயிற்சியில் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். அதுவரை ஐந்து வீட்டார் கூடி ஒரு உப்புமானியை வாங்கிக்கொள்ளலாம். தினசரி அளவை நோட்டில் குறித்து வாருங்கள். மீன் சாகுமுன்பே தண்ணீர் கெட்டது நோட்டில் தெரிந்துவிடும்.