வெல்டிங்ல விரிசல் விழுந்தா ரிஜெக்ட் பண்ணணுமா?

உப்பளம் துறைமுகமும் பக்கத்திலுள்ள தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகமும் செய்தியில் அடிபடுவது பெரும்பாலும் ஒரே காரணத்துக்குத்தான்: முகத்துவாரத்தில் மணல். தூர்வாருவார்கள், மறுபடியும் சேரும். அந்த மணலை உறிஞ்சித் தள்ளும் பம்புகளைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

தண்ணீரோடு வரும் மணல், பம்பின் உட்புறத்தை உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும். அதனால் மணல் பம்பு பாகங்களைக் குரோமியம் அதிகம் கலந்த வெள்ளை வார்ப்பிரும்பில் வார்ப்பது வழக்கம். சிமெண்ட் ஆலைகளில் கல் அரைக்கும் உருளைகளிலும் இதே உலோகம் உண்டு. தேயாது, ஆனா குணம் கண்ணாடி மாதிரி. வளையத் தெரியாது, உடையத்தான் தெரியும்.

புது உருளை வாங்குவது பெரிய செலவு. தேய்ந்த இடத்தில் வெல்டிங்கால் அடுக்கடுக்காகக் கடின உலோகத்தை ஏற்றுவார்கள். இதற்கு ஹார்டுஃபேசிங் என்று பெயர். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கப் பார்க்கும். அடியில் இருக்கும் குளிர்ந்த வார்ப்பு விடாது. இந்த இழுபறி ஆறிய பிறகும் உள்ளேயே தங்கிவிடும். இதுதான் எஞ்சிய தகைவு.

சாதாரண ஸ்டீல் என்றால் சுமார் 600 டிகிரி செல்சியஸ் உலையில் வைத்து மெதுவாக ஆறவிட்டால் போதும், உலோகம் கொஞ்சம் நெகிழ்ந்து இழுப்பு தளரும். அதே வைத்தியத்தை இங்கேயும் செய்யச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வெள்ளை வார்ப்பிரும்பை அவசரமாகச் சூடாக்கினால் அந்தச் சூட்டிலேயே விரிசல் விடும். பதப்படுத்திய வார்ப்பு என்றால் காசு கொடுத்து வாங்கிய கடினத்தன்மையும் குறையும். மேல் அடுக்கும் அடி உலோகமும் ஒரே அளவில் சுருங்காவிட்டால், ஆறும்போது இழுப்பு திரும்ப வந்துவிடும்.

அப்போ என்னதான் வழி? விரிசல்தான் வழி! ஹார்டுஃபேசிங் அடுக்கில் வெல்டிங் கோட்டுக்குக் குறுக்கே, சிறு இடைவெளிகளில் மெல்லிய விரிசல்கள் விழும். ஒவ்வொன்றும் கொஞ்சம் இழுப்பை வெளியேற்றும். இது குறை இல்லை, எதிர்பார்த்ததுதான். ஆனால் அது மேல் அடுக்கோடு நிற்க வேண்டும். கோட்டின் நீளவாக்கில் ஓடினாலோ, அடி வார்ப்புக்குள் இறங்கினாலோ, அடுக்கு பெயர்ந்தாலோ ஆபத்து. இந்த உலோகம் உடையும்போது முன்கூட்டிச் சொல்லாது, பக்கத்தில் ஆள் நிற்கிறாரா என்றும் பார்க்காது.

(பழைய மெஷின்களில் இருக்கும் சாம்பல் வார்ப்பிரும்பு வேறு கதை. முன்சூடு, நிக்கல் ராடு, சின்னச் சின்னக் கோடு, சூட்டோடு லேசான சுத்தியல் தட்டு, பிறகு சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிடுவது. பழைய வெல்டர்களுக்கு இது அத்துப்படி.)

அதிர்வு கொடுத்துத் தகைவை எடுக்கும் முறையும் இருக்கிறது. இழுப்பு தளர வேண்டுமென்றால் உலோகம் கொஞ்சமாவது நெகிழ வேண்டும். நெகிழவே தெரியாததை ஆட்டினால் எவ்வளவு கிடைக்கும்? அந்தச் சான்றிதழை மட்டும் நம்பி பில் பாஸ் பண்ணக் கூடாது.

பம்பு நின்றால் தூர்வாரல் நிற்கும், படகும் நிற்கும். எனவே ரிப்பேர் டெண்டரில் ‘விரிசலே கூடாது’ என்று எழுதுவதை விட்டுவிட்டு, எந்த விரிசல் ஓகே, எது கூடாது, அடி வார்ப்பை யார் எப்படிச் சோதிப்பார்கள் என்று எழுதலாம். எழுதத் தெரியவில்லையா? பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் திருச்சியில்தான் இருக்கிறது.